குரல் ஈட்டிய செல்வம்: சந்திரகிரி ஜிக்கியும் திருப்பதி சுப்ரபாதமும்

திருப்பதிக்குச் சென்று திரும்பும் நம் வாடிக்கையாளர்களில் பலர், நகரின் பூர்ணகும்பம் சந்திப்பில் நிற்கும் வெண்கலச் சிலையைக் கண்டிருப்பீர்கள். அது இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் சிலை. திருப்பதி நகர வளர்ச்சிக் குழுமம் அமைத்த அச்சிலையை, 2006ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திர முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி திறந்துவைத்தார். மதுரையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ஒரு பாடகிக்குத் திருமலையின் அடிவாரத்தில் சிலை எழுந்ததற்கு, விடியற்காலையில் இல்லந்தோறும் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாதமே காரணம் என்பதை எல்லோரும் அறிவர்.

அச்சிலைக்குச் சில கல் தொலைவில் சந்திரகிரி இருக்கிறது. விஜயநகர மன்னர்களின் கடைசிக் காலத் தலைநகராக விளங்கிய கோட்டை ஊர் அது. அவ்வூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் 1935இல் பிறந்தவர் பி.ஜி. கிருஷ்ணவேணி. அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியாது. ‘ஜிக்கி’ என்றால் தெரியாதவர் இல்லை.

ஒருவருடைய ஒலிப்பதிவு ஈட்டிய பொருள், அவர் மறைந்த பின்னரும் வேதம் பயிலும் மாணவர்களுக்குப் பயன்படும் வகையில் அமைந்தது. மற்றொருவருடைய மருத்துவச் செலவுக்கு, இறுதிக் காலத்தில் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. இருவரும் பெரும் புகழ் பெற்றவர்கள். இருவரின் பாடல்களும் இன்றும் ஒலிக்கின்றன. பின் ஏன் இந்த வேறுபாடு? பாட்டுக்குப் பணம் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதில் இதற்கான விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அதனை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

மேடை தந்த வருவாய்

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பாடகியின் முதலீடு அவருடைய தொண்டை ஒன்றுதான். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் இரவு முழுவதும் பாட வேண்டும். பாடிய அன்றே சன்மானம் கைக்கு வரும். தொண்டை கட்டிவிட்டால் அன்றைய வருவாயும் கட்டிவிடும்.

அத்தகைய வருவாயையும் ஒழுங்காகச் சேர்த்து, நிலைத்த காரியமாக்கிய பெண்மணிகள் இருந்தார்கள். அவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952). கச்சேரிகளில் தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு, திருவையாற்றில் சிதைந்து கிடந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்கு 1920களில் கோயில் எழுப்பியவர் அவர். தேவதாசி மரபில் வந்த பெண்களுக்கு, வழக்காற்றின்படி சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ளவும் அதனைத் தம் பெண்மக்களுக்கு விட்டுச்செல்லவும் உரிமை இருந்தது. ஏனைய இந்துப் பெண்களுக்குச் சொத்தில் முழு உரிமையைச் சட்டம் தந்தது 1956இல்தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பாடும் திறனோடு, ஈட்டியதைத் தாமே ஆளும் உரிமையும் சேர்ந்திருந்ததால்தான் திருவையாற்றுப் பணி கைகூடியது.

அடுத்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். சிறுவயதிலேயே நாடக மேடை ஏறி, இலங்கை வரை சென்று பாடிப் புகழ் பெற்றவர். எஸ்.ஜி. கிட்டப்பாவை 1927இல் மணந்தார். 1933இல் அவரை இழந்தார். அதன்பின் வெள்ளை உடையோடு ஒதுங்கியிருந்தவரைத் திரைப்படத்துக்கு அழைத்தபோது, ‘நந்தனார்’ (1935) படத்தில் நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் கீழே விற்ற காலம் அது. அந்தத் தொகையின் அளவை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். தம் ஊரில் பின்னாளில் ஒரு திரையரங்கையும் அவர் கட்டினார். 1951இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார்.

இவ்விருவரிடமும் ஓர் ஒற்றுமை உண்டு. வருவாய் பெரிதாக வந்த காலத்தில் அதனை மண்ணாகவும் கட்டடமாகவும் மாற்றினார்கள்.

மீராவும் சித்தூர் நாகையாவும்

பேசும் படத்தின் தொடக்கக் காலத்தில் நடிப்பவரே பாட வேண்டும். ஆகவே, பாடத் தெரிந்தவர்களுக்கே திரையுலகம் கதவு திறந்தது. அவ்வாறு ‘சேவாசதனம்’ (1938), ‘சகுந்தலை’ (1940) ஆகிய படங்களில் தோன்றிய எம்.எஸ். சுப்புலட்சுமி, ‘சாவித்திரி’ (1941) படத்தில் நாரதராக ஆண் வேடம் பூண்டார். அந்தப் படத்தில் பெற்ற ஊதியம், அவருடைய கணவர் டி. சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் சேர்ந்து தொடங்கிய ‘கல்கி’ இதழுக்கு முதலாயிற்று. ஒரு பெண்ணின் பாட்டு, தமிழின் புகழ்பெற்ற வார இதழ் ஒன்றுக்கு மூலதனமானது என்று சொன்னால் அது மிகையாகாது.

அவருடைய திரைவாழ்வின் உச்சம் 1945இல் வெளிவந்த ‘மீரா’. அதில் ராணாவாக நடித்தவர் வி. நாகையா. சித்தூர் நாடக மேடையில் வளர்ந்ததால் ‘சித்தூர்’ என்பது அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. இவ்வாறு மதுரைக் குரலும் சித்தூர் மேடையும் ஒரே படத்தில் இணைந்தன. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படும் சித்தூர்ப் பகுதிக்கு இது புதிதன்று. சித்தூர் மாவட்டமே 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டதுதான்.

‘மீரா’வுக்குப் பின் சுப்புலட்சுமி திரையை விட்டு விலகிக் கச்சேரி மேடைக்கே தம்மை ஒப்படைத்தார். அதே வேளையில், அப்படத்துக்கு இசையமைத்த எஸ்.வி. வெங்கட்ராமன், சந்திரகிரிக் குடும்பத்துச் சிறுமி ஒருத்திக்கு வாய்ப்பளித்தார்.

முகம் இல்லாத குரல்

ஜிக்கி முறையாக இசை பயின்றவர் அல்லர். கேட்டதை அப்படியே பாடும் வரம் பெற்றவர். தெலுங்கில் ‘பந்துலம்மா’ (1943) படத்தில் குழந்தையாக நடித்துப் பாடினார். வெங்கட்ராமன் இசையில் ‘ஞானசௌந்தரி’ (1948) படத்தில் மாதாவை நோக்கிய வேண்டுதல் பாடலைப் பாடியபோது அவருக்குப் பதின்மூன்று வயது நிறையவில்லை. சிறுமி ஞானசௌந்தரிக்கு ஜிக்கியும், வளர்ந்த பின் பி.ஏ. பெரியநாயகியும் அதே பாடலைப் பாடினார்கள். தமிழகம் முழுவதும் அந்தப் பாடல் பரவியது.

அதற்குள் திரையிசையின் முறையே மாறியிருந்தது. 1938இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில், திரையில் தோன்றாத ஒருவர் நடிகைக்காகப் பாடினார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக அதனைக் குறிப்பிடுவது வழக்கம். பத்தே ஆண்டுகளில் முகம் ஒருவருக்கும் குரல் மற்றொருவருக்கும் என்பது பொது விதியாயிற்று.

அடுத்த பத்தாண்டுகளில் ஜிக்கி, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் பாடினார். ராஜ் கபூர் படத்தின் தமிழ் வடிவமான ‘அவன்’ (1953), தெலுங்கு ‘அனார்கலி’ (1955), ‘அமரதீபம்’ (1956) என்று அவர் புகழ் ஏறியது. ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதும் நடனப் போட்டியை அறியாதவர் உண்டோ? அதில் ஒலிக்கும் இரு குரல்களில் ஒன்று பி. லீலாவினுடையது, மற்றொன்று ஜிக்கியினுடையது. தம்மோடு இணைந்து பாடிய ஏ.எம். ராஜாவையே அவர் மணந்தார். ராஜாவும் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். ‘கல்யாண பரிசு’ (1959) படத்துக்கு இசையமைத்தவரும் அவரே.

பின்னாளில் புதிய குரல்கள் வந்தன, வாய்ப்புகள் குறைந்தன. 1989இல் ராஜா ரயில் விபத்தில் மறைந்தார். ஜிக்கி மனம் தளராமல் தம் மக்களோடு மெல்லிசைக் குழு நடத்தி மேடைகளில் பாடினார். இறுதிக் காலத்தில் அவரைக் கடும் நோய் வருத்தியபோது, சக கலைஞர்கள் அவருடைய சிகிச்சைக்காக இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார்கள். 2004 ஆகஸ்ட் 16 அன்று ஜிக்கி மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று சுப்புலட்சுமியும் மறைந்தார்.

ஒருமுறை ஊதியமும் உரிமைத்தொகையும்

ஜிக்கியின் நிலைக்கு எந்தத் தனி மனிதரையும் குறை கூறுவதற்கில்லை. பின்னணிப் பாடகர்களுக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒருமுறை பணம் தருவதே அக்கால வழக்கம். சில ஸ்டூடியோக்கள் மாதச் சம்பளத்துக்கும் பாடகிகளை அமர்த்தின. பதிவு முடிந்து பணம் கைமாறிய பின், அந்தப் பாட்டு எத்தனை ஆயிரம் இசைத்தட்டுகளாக விற்றாலும், எத்தனை ஆண்டுகள் வானொலியில் ஒலித்தாலும், பாடியவருக்கு அதில் பங்கில்லை.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஒரு பாடகி, பாட்டுக்கு 500 ரூபாய் ஒரே முறையில் பெறுகிறார். மற்றொரு பாடகி அதனை வேண்டாமென்று, விற்கும் ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் 50 காசு கேட்கிறார். ஆயிரம் தட்டுகள் விற்றால் இருவருக்கும் வருவாய் ஒன்றே. முந்நூறு தட்டுகள் மட்டும் விற்றால் இரண்டாமவருக்கு 150 ரூபாய்தான் கிடைக்கும், நட்டம் அவருடையது. பத்தாயிரம் விற்றால் 5,000 ரூபாய் வரும். முப்பது ஆண்டுகள் விற்றுக்கொண்டே இருந்தால், வருவாயும் முப்பது ஆண்டுகள் வந்துகொண்டே இருக்கும். இவ்வாறு விற்பனையோடும் பயன்பாட்டோடும் சேர்ந்து வரும் தொகையே உரிமைத்தொகை; நாம் வழக்கில் ‘ராயல்டி’ என்பது.

வளர்ந்துவரும் கலைஞருக்கு வீட்டு வாடகையும் அரிசிக் கணக்கும் காத்திருக்கும்போது, இன்றே கிடைக்கும் 500 ரூபாயே பெரிது. ஆகவே, ஒருமுறை ஊதியத்தை ஏற்றதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. உரிமைத்தொகை கேட்கும் வலிமை, சந்தையில் ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே உண்டு. இந்தித் திரையுலகில் ‘மகல்’ (1949) படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கான இசைத்தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதில் ‘காமினி’ என்ற கதாபாத்திரத்தின் பெயரே முதலில் அச்சாகியிருந்தது. பெயரையே கேட்டுப் பெற வேண்டியிருந்த காலத்தில் பங்கைக் கேட்பது எளிதா? லதா அதனையும் கேட்டார். 1960களின் தொடக்கத்தில் உரிமைத்தொகை பற்றி அவருக்கும் முகமது ரஃபிக்கும் எழுந்த கருத்து வேறுபாட்டால், இருவரும் சில காலம் இணைந்து பாடாமலே இருந்தார்கள்.

சுப்ரபாதம் என்னும் கட்டளை

சுப்புலட்சுமியின் நிலை வேறு. அவர் பாடியது ஒரு நடிகையின் முகத்துக்காக அன்று. இசைத்தட்டில் அவர் பெயரே விற்பனைக்கு ஆதாரம். பதினைந்தாம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராச்சாரியார் இயற்றிய வேங்கடேச சுப்ரபாதத்தை, அவர் எச்.எம்.வி. நிறுவனத்துக்காக 1963இல் பாடிப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டின் உரிமைத்தொகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் வேதபாடசாலைக்கு அளித்துவிட்டார்.

நம் கோயில்களில் ‘கட்டளை’ என்றொரு முறை உண்டு. ஒருவர் நிலத்தையோ தொகையையோ கோயிலுக்கு எழுதிவைப்பார். முதல் குறையாது, அதன் விளைச்சலோ வட்டியோ ஆண்டுதோறும் ஒரு பூசைக்கோ அன்னதானத்துக்கோ பயன்படும். 1985இல் தேவஸ்தானம் தொடங்கிய நித்திய அன்னதானத் திட்டத்துக்கு நன்கொடை தரும் அன்பர்கள் இதனை நன்கு அறிவார்கள். சுப்புலட்சுமி செய்ததும் ஒரு கட்டளையே. பதிவான குரல் முதல். உரிமைத்தொகை அதன் வட்டி.

அவருடைய கொடைகள் இத்துடன் நிற்கவில்லை. 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். மருத்துவமனைகளுக்காகவும் கல்வி நிலையங்களுக்காகவும் அவர் செய்த கச்சேரிகள் பல. 1974இல் பொதுத்தொண்டுக்கான மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. அவர் பெற்ற அந்த விருது, பிறருக்காக அவர் பாடி ஈட்டித் தந்த பொருளையும் போற்றியது.

ஆயினும், பிறருக்கு அளித்தவருக்கும் ஒரு சோதனை வந்தது. 1970களின் பிற்பகுதியில் சதாசிவம்–சுப்புலட்சுமி தம்பதியர் பொருள் நெருக்கடிக்கு ஆளானார்கள். தாம் வாழ்ந்த ‘கல்கி தோட்டம்’ என்னும் பெரிய வீட்டையும் இழந்தார்கள். அப்போது தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்த பி.வி.ஆர்.கே. பிரசாத், பின்னர் நடந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். உதவி என்று சொல்லி எதைத் தந்தாலும் அவர்கள் ஏற்கமாட்டார்கள். ஆகவே, உழைப்புக்கு உரிய ஊதியமாக அது அமைய வேண்டும் என்று கருதி, தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைப் பாடித் தருமாறு தேவஸ்தானம் அவரைக் கேட்டுக்கொண்டது.

அன்னமாச்சாரியார் பதினைந்தாம் நூற்றாண்டில் திருமலையப்பன்மீது பாடியவர். அவருடைய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோயிலின் ஓர் அறையில் நெடுங்காலம் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அவை அச்சேறின. பலவற்றுக்குச் சொல் இருந்தது. பாடும் மெட்டு மறைந்திருந்தது. அறுபது வயதைக் கடந்திருந்த சுப்புலட்சுமி, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றோர் அமைத்த மெட்டுகளைக் கற்று, தெலுங்குச் சொல்லின் உச்சரிப்பைத் திரும்பத் திரும்பப் பயின்று பாடினார். ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ என்ற பெயரில் ஐந்து இசைத்தட்டுகள் வெளிவந்தன. பாடகிக்கு மதிப்புக் குறையாத வருவாய் கிடைத்தது. ஏட்டில் இருந்த கீர்த்தனைகள் மக்களின் செவிக்கு வந்தன.

இன்றைய சட்டம் சொல்வது

ஜிக்கி புகழோடு பாடிய 1950களில், இந்தியச் சட்டத்தில் பாடகருக்கென்று தனி உரிமை எதுவும் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பாடலை எழுதியவரையும் இசையமைத்தவரையும் ஒலிப்பதிவைத் தயாரித்தவரையும் உரிமையாளராகக் கண்டது. 1994இல் செய்யப்பட்ட திருத்தமே ‘நிகழ்த்துநர் உரிமை’ என்பதைக் கொண்டுவந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒரு படி சென்றது. திரைப்படத்துக்காகப் பாட ஒப்புக்கொண்ட பின்னரும், அந்தப் பாட்டு வணிக நோக்கில் பயன்படுத்தப்படும்போது பாடியவருக்கு உரிமைத்தொகை உண்டு என்று அது உறுதி செய்தது. பாடகர்களுக்காக இத்தொகையைத் திரட்டும் சங்கம் 2013இல் உருவானது. இந்த உரிமை, பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஐம்பது ஆண்டுகள் நீடிக்கும். பாடியவர் இல்லாதபோது அது வாரிசுகளைச் சேரும். இச்சட்டம் அரை நூற்றாண்டு முன்னதாக வந்திருந்தால், ஜிக்கியின் முதுமை வேறுவிதமாக அமைந்திருக்கக் கூடும்.

நம் வாசகர் இல்லங்களிலும் பாடும் பிள்ளைகள் உண்டு. கோயில் விழாக்களிலும் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் அவர்கள் குரல் பதிவாகிறது. அவர்களுக்காக இரண்டு குறிப்புகளைச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, பதிவுக்கு முன் ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று, கிடைப்பது ஒருமுறை ஊதியம் மட்டுமா, உரிமைத்தொகையும் உண்டா என்பதைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். பாட்டின் பெயர், பதிவான நாள், நிறுவனம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். பல்லாண்டு கழித்து உரிமை கோரும்போது அதுவே சான்றாகும்.

இரண்டாவது, அத்தொகை வரவாகும் வங்கிக் கணக்குக்கு நியமனதாரரைப் பதிவு செய்யுங்கள். நியமனதாரர் என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அது இறுதியில் யாரைச் சேரும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். கலைஞரின் வருவாய் அவருக்குப் பின்னும் தொடரக்கூடியது. ஆதலால், உயில் எழுதிவைப்பது மற்றவர்களைக் காட்டிலும் அவர்களுக்கு இன்றியமையாதது.

அடுத்த முறை திருப்பதிப் பயணம் அமையும்போது, பூர்ணகும்பம் சந்திப்பில் இசையரசியின் சிலையைக் கண்டு வணங்குங்கள். சந்திரகிரிக் கோட்டைக்கும் சென்று வாருங்கள். வழியில் பேருந்திலோ காரிலோ ஜிக்கியின் பழைய பாட்டு ஒன்று ஒலித்தால், அதைப் பாடியவருடைய குடும்பத்தின் ஊர் இதுதான் என்று உடன் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். திரையில் முகம் காட்டாமல் பாடியவருக்கு நாம் செலுத்தக்கூடிய உரிமைத்தொகை அதுவே.